உயிருள்ள செல்லுக்குள் ஒளிரும் நானோ துகள்கள்: பயன்பாடும் பாதுகாப்பும்

உயிருள்ள செல் ஏறத்தாழ நிறமற்றது. அதன் உட்கூறுகளுள் பெரும்பாலானவை ஒளியைத் தடுக்காமல் கடத்திவிடுவதால், அவற்றை நுண்ணோக்கியில் பிரித்தறிவதற்குப் புறத்திலிருந்து ஓர் அடையாளம் ஏற்றப்பட வேண்டியுள்ளது. இறந்த திசுவை மெல்லிய சீவல்களாக வெட்டிச் சாயமேற்றிக் காணும் முறை 19ஆம் நூற்றாண்டிலேயே வேரூன்றிவிட்டதெனினும், ஒரு புரதம் செல்சவ்வின்மீது எவ்வாறு நகர்கிறது, ஒரு மருந்து மூலக்கூறு செல்லின் எப்பகுதியில் சென்று சேர்கிறது என்பன போன்ற வினாக்களுக்கு உயிரோடு இயங்கும் செல்லிடமிருந்தே விடை பெற முடியும். இத்தேவைக்காக உருவானவை ஒளிர் அடையாளங்கள். ஒரு பொருள் குறிப்பிட்ட அலைநீளமுள்ள ஒளியை உறிஞ்சி, நொடியின் மிகச் சிறிய கூறுக்குள் அதைவிட நீண்ட அலைநீளமுள்ள ஒளியை உமிழ்வது ஒளிர்தல் எனப்படும். உட்செலுத்திய ஒளியை வடிகட்டிவிட்டு உமிழப்பட்ட ஒளியை மட்டும் பதிவு செய்தால், இருண்ட பின்புலத்தில் அடையாளமிடப்பட்ட இடம் மட்டும் தெளிவாகத் துலங்கும்.

இப்பணிக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வருபவை கரிமச் சாயங்களும் பச்சை ஒளிர் புரதமும் ஆகும். ஜெல்லி மீனிலிருந்து 1962இல் ஒசாமு ஷிமோமுரா பிரித்தெடுத்த இப்புரதத்தின் மரபணுவைப் பிற உயிர்களுக்குள் செலுத்தி, அவற்றின் செல்களே தமக்கான அடையாளத்தை உற்பத்தி செய்துகொள்ளச் செய்ய முடிந்தமையால், 2008ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு ஷிமோமுராவுக்கும் மார்ட்டின் சால்ஃபி, ரோஜர் சியென் ஆகியோருக்கும் கிடைத்தது. ஆயினும் சாயமும் புரதமும் ஒரு பொதுக் குறையைப் பகிர்ந்துகொள்கின்றன: தொடர்ந்து ஒளியூட்டப்படும்போது அவற்றின் மூலக்கூறு சிதைந்து ஒளிர்வு நிலையாக மங்கிவிடுகிறது. ஒளியால் வெளிறுதல் எனப்படும் இந்நிகழ்வு ஒற்றை மூலக்கூற்றைப் பின்தொடரும் ஆய்வுகளில் சில நொடிகளுக்குள் நேர்ந்துவிடும். மேலும், சாயங்களின் உமிழ்நிறமாலை அகன்றதாக இருப்பதால், ஒரே செல்லில் நான்கைந்து நிறங்களை ஒன்றோடொன்று கலக்காமல் பயன்படுத்துவது எளிதன்று. நானோ துகள்கள் இவ்விடத்தில்தான் நுழைந்தன.

இவற்றுள் முதலாவதும் மிகுதியாக ஆராயப்பட்டதும் குவாண்டம் புள்ளி எனப்படும் குறைகடத்திப் படிகமாகும். சில நானோமீட்டர் அளவே உள்ள இப்படிகத்தில் எலக்ட்ரான்கள் மிகக் குறுகிய வெளிக்குள் அடைபடுவதால், அவற்றின் ஆற்றல் மட்டங்களுக்கிடையே உள்ள இடைவெளி படிகத்தின் அளவைப் பொறுத்து மாறுகிறது. அதன் விளைவாக, காட்மியம் செலினைடு என்னும் ஒரே சேர்மம் ஏறத்தாழ 2 நானோமீட்டர் விட்டத்தில் நீல ஒளியையும் 6 நானோமீட்டர் விட்டத்தில் சிவப்பு ஒளியையும் உமிழ்கிறது. 1981இல் அலெக்சி எகிமோவ் இவ்விளைவைக் கண்ணாடிக்குள்ளும், 1983இல் லூயி புரூஸ் கரைசலில் மிதக்கும் துகள்களிலும் கண்டறிந்தனர். 1993இல் மௌங்கி பவெண்டியின் குழு, ஒரே அளவுள்ள தரமான படிகங்களைச் சூடான கரைப்பானில் வளர்க்கும் முறையை வகுத்தது. இம்மூவரும் 2023இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். உயிரியலில் இப்புள்ளிகளின் வரலாறு 1998இல் தொடங்குகிறது. அவ்வாண்டு சயன்ஸ் இதழில் ஒரே நேரத்தில் வெளியான இரு கட்டுரைகளில், பால் அலிவிசாட்டோஸ் உள்ளிட்ட பெர்க்லி குழுவினர் எலியின் நார்செல்களில் இரு நிறப் புள்ளிகளால் இரு வேறு கூறுகளை அடையாளமிட்டனர். வாரன் சான், ஷூமிங் நியே இருவரும் டிரான்ஸ்ஃபெரின் என்னும் புரதம் இணைத்த புள்ளிகளை ஹீலா புற்றுநோய்ச் செல்கள் தாமாகவே உள்வாங்குவதைக் காட்டினர்.

அடுத்த ஆறாண்டுகளுக்குள் வந்த முடிவுகள் இத்துறையின் மதிப்பை ஐயத்துக்கு இடமின்றி நிறுவின. 2002இல் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் பாஸ்போலிப்பிடு உறைக்குள் அடைக்கப்பட்ட புள்ளிகள் ஆப்பிரிக்க நகத்தவளையின் கருவில் ஒரு செல்லுக்குள் ஊசியால் செலுத்தப்பட்டபோது, அச்செல்லின் சந்ததிச் செல்கள் அனைத்தும் கரு வளர வளரப் பின்தொடரப்பட்டன. 2003இல் பாரீசின் மாக்சிம் தாஹான் குழுவினர், நரம்பு செல்லின் சவ்வில் உள்ள கிளைசின் ஏற்பியின்மீது ஒரு புள்ளியைப் பிணைத்து, அது சினாப்ஸ் என்னும் நரம்பிணைப்புக்குள் நுழைவதையும் வெளியேறுவதையும் பல நிமிடங்கள் தொடர்ந்து பதிவு செய்தனர். ஏற்பிகள் ஓரிடத்தில் நிலையாக அமர்ந்திருப்பவை என்ற பழைய எண்ணத்தைத் தளர்த்தியதில் இவ்வாய்வுக்குப் பெரும்பங்கு உண்டு. 2004இல் அண்மை அகச்சிவப்பு ஒளியை உமிழும் புள்ளிகளைக் கொண்டு, உயிருள்ள பன்றியின் உடலில் தோலுக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே இருந்த நிணநீர் முடிச்சு, அறுவைச் சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே கண்முன் காட்டப்பட்டது.

ஆனால் இப்புள்ளிகளின் உள்ளகத்தில் இருப்பது காட்மியம். புற்றுநோய் ஆராய்ச்சிக்கான பன்னாட்டு முகமை, மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குவதெனத் தெளிவாக அறியப்பட்ட முதல் பிரிவில் அதை வைத்துள்ளது. சிறுநீரகத்தில் சேர்ந்த காட்மியம் பாதியாகக் குறைவதற்குப் பல பத்தாண்டுகள் பிடிக்கலாம். ஜப்பானில் ஜின்சு ஆற்றுப்படுகையில் எலும்புகளைக் குலைத்த இத்தாய் இத்தாய் நோய்க்கு இவ்வுலோகமே காரணம். மின்னணுப் பொருட்களிலேயே எடையில் 0.01 விழுக்காட்டுக்கு மேல் காட்மியம் இருக்கக் கூடாதென ஐரோப்பிய ஒன்றியம் விதித்திருக்கும் நிலையில், அதை உயிருக்குள் செலுத்துவதன் விளைவு என்ன என்ற வினா எழுந்தது இயல்பே. அதற்கு முதல் திட்டவட்டமான விடையை 2004இல் ஆஸ்டின் டெர்ஃபஸ், வாரன் சான், சங்கீதா பாட்டியா ஆகியோர் அளித்தனர். கல்லீரல் செல்களில் அவர்கள் நடத்திய சோதனைகளில், காற்றிலோ புற ஊதா ஒளியிலோ வைக்கப்பட்ட காட்மியம் செலினைடு துகள்களின் மேற்பரப்பு ஆக்சிஜனேற்றம் அடைந்து காட்மியம் அயனிகள் கசிவதும், அக்கசிவின் அளவுக்கேற்பச் செல்கள் மடிவதும் தெரியவந்தன. துகளின்மீது துத்தநாக சல்பைடு ஓடு ஒன்றை வளர்த்தபோது கசிவு பெரிதும் குறைந்ததேயன்றி முற்றிலும் நின்றுவிடவில்லை. இதே காலத்தில் ஜப்பானிய ஆய்வாளர் சிலர், நச்சுத்தன்மை உள்ளகத்திலிருந்து வராமல், துகளை நீரில் கரையச் செய்வதற்காக மேலே பூசப்பட்ட அமிலச் சேர்மங்களிலிருந்தே வரக்கூடும் என்பதை நிறுவினர். ஆக, நச்சின் தோற்றுவாய் ஒன்றன்று: கசியும் உலோகம், உதிரும் மேற்பூச்சு, ஒளிபட்டதும் துகளின் பரப்பில் உருவாகும் வினைமிகு ஆக்சிஜன் மூலக்கூறுகள் என மூன்றும் தனித்தனியாகவும் கூட்டாகவும் செயல்படக்கூடும்.

துகள் செல்லுக்குள் செல்லும் பாதையும் இதில் பங்கேற்கிறது. இரத்தத்திலோ வளர்ப்புத் திரவத்திலோ கலந்த சில நிமிடங்களுக்குள் துகளின்மீது அங்குள்ள புரதங்கள் படிந்து ஒரு போர்வையை உண்டாக்குகின்றன. செல்லின் கண்ணில் படுவது வேதியியலாளர் வடிவமைத்த மேற்பரப்பாக இல்லாமல் இப்புரதப் போர்வையாகவே இருக்கும். அதனால்தான் சீரம் கலந்த திரவத்திலும் சீரம் இல்லாத திரவத்திலும் ஒரே துகள் வேறுபட்ட அளவில் உள்வாங்கப்படுகிறது. செல் தன் சவ்வை உள்மடித்து வெளிப்பொருளை விழுங்கும் எண்டோசைட்டோசிஸ் என்னும் முறையில் நுழையும் துகள்களுள் பெரும்பாலானவை சிறு பைகளுக்குள் சிறைப்பட்டு, இறுதியில் லைசோசோமில் போய்ச் சேர்கின்றன. செல்லின் செரிமான அறையான அதன் அமிலத்தன்மை ஏறத்தாழ பி.எச். 4.5 முதல் 5 வரை இருப்பதால், காட்மியம் புள்ளியின் ஓடு அரிபடுவதற்கு அதைவிட ஏற்ற இடம் செல்லில் இல்லை. அளவும் முக்கியமானது: மான்ட்ரியால் ஆய்வாளர்கள் 2005இல் காட்டியவாறு, நேர்மின்னூட்டமுள்ள சிறிய பச்சைத் துகள்கள் சில செல்களில் உட்கருவரை ஊடுருவ, அவற்றினும் பெரிய சிவப்புத் துகள்கள் உட்கருவுக்கு வெளியிலேயே தங்கிவிட்டன. நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் ஆய்வாளர், அறிந்தோ அறியாமலோ, துகள் சென்று சேரும் இடத்தையும் தேர்ந்தெடுத்துவிடுகிறார்.

இத்தனை மாறிகள் இருப்பதால், வெளியான முடிவுகள் ஒன்றோடொன்று முரண்படுவதில் வியப்பில்லை. ஏறத்தாழ ஒரே வகைத் துகளை ஓர் ஆய்வுக்கூடம் தீங்கற்றது என்றும் மற்றொன்று கொடிய நச்சு என்றும் அறிவித்த நிகழ்வுகள் பல. இக்குழப்பத்தை அளந்து பார்க்க 2016இல் ஒரு குழு, காட்மியம் புள்ளிகளைப் பற்றிய 307 வெளியீடுகளிலிருந்து 1,741 செல் உயிர்ப்புத் தரவுகளைத் திரட்டி ஒருங்கே பகுப்பாய்ந்தது. மேற்பரப்பின் தன்மை, துகளின் விட்டம், செல்கள் துகளோடு இருந்த காலம் ஆகியவற்றோடு, உயிர்ப்பை அளக்கக் கையாண்ட சோதனை முறையும் முடிவோடு வலுவாகத் தொடர்புற்றிருந்தது என்பதே அவ்வாய்வின் மிகச் சங்கடமான கண்டுபிடிப்பு. அதன் காரணம் விளங்கிக்கொள்ளத் தக்கதே. பரவலாகக் கையாளப்படும் எம்.டி.டி. சோதனையில், உயிருள்ள செல்கள் மஞ்சள் நிற உப்பு ஒன்றை ஊதா நிறப் பொருளாக மாற்றுகின்றன. ஊதாவின் அடர்த்தி ஒளி உறிஞ்சல் மூலம் அளக்கப்படுகிறது. தானே ஒளியை உறிஞ்சி உமிழும் துகள் அக்குப்பியில் இருக்கும்போது, அளவீட்டில் அதன் பங்கு எவ்வளவு, செல்லின் பங்கு எவ்வளவு என்பதைத் தனிக் கட்டுப்பாட்டுச் சோதனைகள் இன்றிப் பிரிக்க இயலாது. அளவைக் குறிப்பிடும் முறையிலும் இதையொத்த தளர்வு நிலவுகிறது. மில்லிலிட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று எழுதுவதே வழக்கமாக இருக்கிறதெனினும், செல்லுக்குள் உண்மையில் நுழைந்த துகள்களின் எண்ணிக்கையை அது தெரிவிப்பதில்லை. மேலே கூறிய தவளைக்கரு ஆய்வு இவ்வகையில் முன்மாதிரியானது: ஒரு செல்லுக்கு 500 கோடி புள்ளிகளைத் தாண்டியபோது கருவில் குறைபாடுகள் தென்பட்டன என்று அது எண்ணிக்கையாகவே குறிப்பிட்டது. பின்வந்த நூற்றுக்கணக்கான கட்டுரைகள் இவ்வொழுங்கைப் பின்பற்றாதது துறைக்கு நேர்ந்த இழப்பு எனலாம்.

இவ்விவாதம் முழுவதும் செல் மடிகிறதா இல்லையா என்பதிலேயே நின்றுவிடுவதுதான் பெரிய குறை. படமெடுக்கும் ஆய்வாளருக்குச் செல் பிழைத்திருந்தால் மட்டும் போதாது. அடையாளம் இடப்படுவதற்கு முன் எவ்வாறு இயங்கியதோ அவ்வாறே அது இயங்கவும் வேண்டும். மடிந்த செல் படத்திலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். சற்றே மாறிய செல்லோ இயல்பான செல்லாகவே தோன்றி, தவறான முடிவை நம்பத்தக்க படமாக அளித்துவிடும். நீரில் கரையுமாறு பூச்சிட்டு எதிர்பொருளும் இணைத்தபின் ஒரு புள்ளியின் மொத்த விட்டம் பெரும்பாலும் 15 முதல் 30 நானோமீட்டர் வரை வளர்ந்துவிடுகிறது. நரம்பிணைப்பின் இடைவெளியே ஏறத்தாழ 20 நானோமீட்டர் என்பதால், அத்துகளைச் சுமக்கும் ஏற்பி அங்கு நுழையத் தயங்கினால், அத்தயக்கம் ஏற்பியின் இயல்பா சுமையின் விளைவா என்ற ஐயம் எஞ்சும். ஒரு துகளின்மீது பல எதிர்பொருட்கள் இருந்தால் அது பல ஏற்பிகளை ஒன்றாகக் கட்டிப்போட்டு, உண்மையான சைகை எதுவும் வராமலே செல்லின் உட்செய்தித் தொடரை முடுக்கிவிடவும் கூடும். செல் பிரியும்தோறும் துகள்கள் சேய்ச்செல்களுக்குப் பங்கிடப்பட்டுப் பாதிபாதியாகக் குறைவதும், மடிந்த செல் விட்டுச்சென்ற துகள்களை அருகிலுள்ள விழுங்கு செல்கள் எடுத்துக்கொள்வதும் வேறொரு சிக்கல். உடலில் செலுத்திய குருத்தணுக்கள் பல வாரங்கள் உயிரோடு இருந்ததாகக் காட்டும் ஒளிர்வு, உண்மையில் அவற்றை உண்ட விழுங்கு செல்களின் ஒளிர்வாக இருக்கக்கூடும். துகளே இல்லாதபோதும் வலுவான நீல அல்லது ஊதா ஒளி செல்லைத் தாக்கும் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். துகள் மிகுந்த ஒளிர்வுடையதாக இருந்தால் குறைந்த ஒளியே போதும் என்பதால், இவ்வொரு கணக்கில் நானோ துகள் சாயத்தைவிடப் பாதுகாப்பானதாகவே அமையலாம்.

உடல் முழுவதையும் கருதும்போது வினாவின் அச்சே திரும்பிவிடுகிறது. ஆய்வுத்தட்டில் வளரும் செல் சில நாட்களில் கழிக்கப்பட்டுவிடும். உடலுக்குள் சென்ற துகளோ வெளியேற வேண்டும், அல்லது அங்கேயே தங்க வேண்டும். 2007இல் ஜான் ஃபிராங்கியோனி, பவெண்டி ஆகியோரின் குழு, நீர்ப்போர்வையையும் சேர்த்து 5.5 நானோமீட்டருக்கு உட்பட்ட விட்டமுள்ள புள்ளிகள் சிறுநீரகத்தின் வடிகட்டியைக் கடந்து விரைவாகச் சிறுநீரில் வெளியேறுவதையும், அதைவிடப் பெரியவை தேங்குவதையும் காட்டியது. தேங்குவதன் பொருள் என்ன என்பதைப் பின்வந்த ஆய்வுகள் உணர்த்தின. எலிகளில் செலுத்திய புள்ளிகளின் ஒளிர்வு இரண்டாண்டுகளுக்குப் பிறகும் காணப்பட்டது. அதுவும் குறுகிய அலைநீளத்தை நோக்கி நகர்ந்திருந்தது, அதாவது துகள்கள் உள்ளேயே மெல்ல மாறிக்கொண்டிருந்தன. 2012இல் வெளியான, ரீசஸ் குரங்குகளில் நடந்த முன்னோடி ஆய்வில், உடல் எடையில் கிலோவுக்கு 25 மில்லிகிராம் அளவில் புள்ளிகள் செலுத்தப்பட்டு 90 நாட்கள் கண்காணிக்கப்பட்டன. இரத்தச் சோதனைகளிலும் திசுக்களிலும் குறிப்பிடத்தக்க கேடு எதுவும் தெரியவில்லை. ஆனால் செலுத்திய காட்மியத்தின் பெரும்பகுதி கல்லீரல், மண்ணீரல், சிறுநீரகம் ஆகியவற்றிலேயே எஞ்சியிருந்தது. இவ்வாய்வைப் பாதுகாப்புச் சான்றாகச் சிலர் மேற்கோள் காட்டுவது முதற்பாதியை மட்டும் படித்ததன் விளைவு. காட்மியத்தின் அரை ஆயுள் ஆண்டுகளில் அளக்கப்படும்போது 90 நாள் அமைதி எதையும் உறுதிப்படுத்துவதில்லை. காட்மியம் புள்ளிகள் இன்றளவும் ஆய்வுக்கூட நுண்ணோக்கியின் கருவியாக நிலைபெற்றிருக்க, மனித உடலுக்குள் செலுத்தும் மருத்துவப் பயன்பாட்டுக்கு அவை வந்துசேராததன் காரணம் இதுவே.

காட்மியம் இல்லாத மாற்றுகள் இந்நெருக்கடியிலிருந்தே பிறந்தன. இண்டியம் பாஸ்பைடு புள்ளிகள் நேரடி மாற்றாக முன்வைக்கப்படுகின்றன. இட்டெர்பியம், எர்பியம் போன்ற அருமண் தனிமங்கள் கலந்த மேல்மாற்றத் துகள்கள், 980 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சிக் கண்ணுக்குப் புலனாகும் ஒளியாக உமிழ்வதால், செல்லின் இயற்கையான பின்புல ஒளிர்வு அவற்றின் படத்தில் குறுக்கிடுவதில்லை. எனினும் அதே அலைநீளத்தை நீரும் உறிஞ்சிச் சூடாவதால், திசு வெப்பமடையும் அபாயம் உண்டு.

கார்பன் புள்ளிகளைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டும், ஏனெனில் மிகுதியான நம்பிக்கையும் மிகுதியான கவனக்குறைவும் அங்கேதான் குவிந்துள்ளன. 2004இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கார்பன் நானோ குழாய்களைத் தூய்மைப்படுத்தும்போது தற்செயலாகக் கண்ட இத்துகள்கள், கன உலோகம் இல்லாதவை, மலிவானவை; இந்தியாவில் ரூர்கேலா தேசிய தொழில்நுட்பக் கழகத்தினர் 2012இல் ஆரஞ்சுச் சாற்றிலிருந்தே அவற்றைத் தயாரித்துச் செல்களைப் படமெடுத்தனர். அதன்பின் காய், கனி, இலை, பால் என ஏறத்தாழ எல்லாச் சமையலறைப் பொருட்களும் ஆய்வுக்கட்டுரைகளாயின. ஆனால் சிட்ரிக் அமிலத்தையும் அமீன்களையும் சூடாக்கும் பரவலான முறையில், துகளோடு சேர்ந்து வலுவாக ஒளிரும் சிறு மூலக்கூறுகளும் உருவாகின்றன. கவனமாகக் கூழ்பிரிப்பு செய்து அவற்றை நீக்காவிட்டால், செல்லுக்குள் ஒளிர்ந்தது துகளா சாதாரணச் சாயமா என்பதே தெரியாமல் போகும். எந்தப் பொருள் செல்லுக்குள் சென்றது என்றே உறுதியாகாத நிலையில், அது பாதுகாப்பானது என்ற சான்றிதழுக்கு மதிப்பில்லை.

நானோ வைரத்தின் நிலை இதற்கு நேர்மாறானது. வைரப் படிகத்தில் ஒரு கார்பன் அணுவின் இடத்தில் நைட்ரஜனும் அதன் அருகே ஒரு வெற்றிடமும் அமையும்போது உருவாகும் மையம், சிவப்பு ஒளியை வெளிறாமலும் விட்டுவிட்டு மின்னாமலும் உமிழ்கிறது. தைவானில் ஹுவான் செங் சாங் குழுவினர் 2005 முதல் இத்துகள்களைச் செல்களில் பயன்படுத்திக் காட்டினர். 2013இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் அதே மையத்தின் நுண்ணலை ஒத்ததிர்வைக் கொண்டு உயிருள்ள செல்லுக்குள்ளேயே வெப்பநிலையை அளந்தனர். வைரம் கரையாது, உலோகம் கசியாது. அதே காரணத்தால் அது சிதைந்து வெளியேறுவதும் இல்லை. குறுகிய காலத்துக்கு இது குறையன்று, உடலுக்குள் நெடுங்காலப் பயன்பாட்டுக்கோ விடை தேட வேண்டிய பொருள்.

மனித உடலை எட்டிய துகள் இவை எதுவும் அன்று. கார்னெல் பல்கலைக்கழகத்தில் உல்ரிச் வீஸ்னர் உருவாக்கிய சிலிக்கா துகள், ஏற்கெனவே அறியப்பட்ட சாயத்தை மணல்போன்ற சிலிக்கா வலைக்குள் பூட்டி, அதன்மேல் பாலிஎத்திலீன் கிளைக்கால் பூச்சிட்டது. விட்டம் 6 அல்லது 7 நானோமீட்டர் என்பதால் சிறுநீரகம் அதைக் கழித்துவிடுகிறது. புதிய ஒளிர்பொருளைத் தேடாமல், பழைய சாயத்தின் சுற்றுச்சூழலை மட்டும் மாற்றியதே இதன் சூட்சுமம். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2011இல் மனிதச் சோதனைக்கு இசைவளித்தது. கதிரியக்க அயோடினும் இணைக்கப்பட்ட இத்துகள், பரவிய மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் உள்ள ஐந்து பேரிடம் செலுத்தப்பட்ட முதல் முடிவுகள் 2014இல் வெளியாயின. கடுமையான பக்கவிளைவு எதுவும் பதிவாகவில்லை. துகள் பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகவே வெளியேறியது. படமெடுப்பதற்குத் தேவையான நுண்ணளவில் தீங்கற்றதாக இருந்த இதே வகைத் துகள், 2016இல் வெளியான ஆய்வில், மிக உயர்ந்த செறிவில், ஊட்டம் மறுக்கப்பட்ட புற்றுநோய்ச் செல்களுக்கு இரும்பை ஏற்றிச் சென்று, ஃபெரோப்டோசிஸ் என்னும் இரும்பு சார்ந்த செல் மரணத்தைத் தூண்டியது. எலிகளில் கட்டிகள் சுருங்கவும் கண்ட அதே குழுவினர், படமெடுக்கும் துகளாகத் தொடங்கிய அதைச் சிகிச்சைக்கான பொருளாகவும் ஆராயத் தொடங்கினர்.